ஊஞ்சலை இறக்கித் தாருங்கள்

எங்கள் சபையின் பொறியியலாளர் ஐயா அவர்களுக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். கடற்கரைச் சிறுவர் பூங்கா ஊஞ்சல் விஷயம் உங்களுக்குத் தெரியும். மூன்று கடிதம் தந்தாயிற்று, மூன்றிலும் முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆகவே கதையை முதலிலிருந்து சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் ஆட்கள் இருவர் வந்தார்கள். தேய்ந்த கொளுக்கிகளை மாற்றும் வேலை. ஸ்பனரைப் போட்டார்கள், நட் அசையவில்லை. எண்ணெய் ஊற்றினார்கள், அசையவில்லை. ஸ்பனர் பிடியில் நாலடிக் குழாயைச் செருகி இருவருமாய்த் தொங்கினார்கள். 'டக்' என்று போல்ட்டே முறிந்தது. மிச்சம் மூன்றையும் தொடப் பயந்து, சங்கிலிகளை மேல் குழாயில் சுற்றிக் கயிற்றால் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பின்னேரம் என் பேத்தி அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "அம்மப்பா, ஊஞ்சல் எப்ப இறங்கும்?" என்றாள். அந்தக் கேள்வியை உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

நட் இறுகியதற்குக் காரணம் "உப்புக்காற்றின் தாக்கம்" என்று பதில் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதே உப்புக்காற்றில்தான் 1924இல் திறந்த கல்லடி இரும்புப் பாலம் இன்னும் நிற்கிறது. முப்பது வருடமாகப் படகு என்ஜின் திருத்துகிறவன் நான். ஊஞ்சல் பூட்டிய அன்றும் அங்கே நின்றேன். கொந்தராத்துக்காரரின் பையன் மின்சார முறுக்கியை வைத்து 'டர்ர்' என்று விட்டான். கிரீச்சென்று ஒரு சத்தம், நட் நின்றுவிட்டது. தொட்டேன், சுட்டது. "தம்பி, மரையில கிறீஸ் மாதிரி ஏதும் பூசிப்போட்டுக் கையால முறுக்கு" என்றேன். "ஐயா, இது ஸ்ரெயின்லெஸ், துருப்பிடிக்காது" என்றான்.

துருவைப் பற்றி யார் பேசினது? ஸ்ரெயின்லெஸ் உருக்கைக் காப்பது அதன்மேல் படிந்த மெல்லிய குரோமியம் ஒட்சைட்டுப் படலம். போல்ட்டும் நட்டும் பசையில்லாமல் அழுத்தத்தோடு உரசும்போது அது உரிந்து, வெறும் உலோகம் வெறும் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வேகமாக முறுக்கினால் சூடேறி இன்னும் ஒட்டும். நைலோன் வளையம் வைத்த லொக் நட் என்றால் உராய்வு அதற்கும் மேல். மரையில் மணல் இருந்தால் கேட்கவே வேண்டாம், நம் கடற்கரையில் மணலுக்கா பஞ்சம்? இது வருடக்கணக்கில் வந்த வினையல்ல, பூட்டிய அந்த நிமிடமே நடந்து முடிந்தது.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. அடுத்த கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) இதை எழுதுங்கள்: "மரையைத் துடைத்து, அன்டி-சீஸ் பசை பூசி, கையால் மெதுவாக முறுக்க வேண்டும்." அன்டி-சீஸ் என்றால் மரை ஒட்டி இறுகாமல் காக்கும் பசை. அது பூசிய மரை வழுக்கும், ஆகவே உலர்ந்த போல்ட்டுக்குக் கொடுக்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது, போல்ட் இழுபட்டுவிடும். கடலோரத்துக்கு, போல்ட் தலையில் ஏ2 என்று பொறித்த ஸ்ரெயின்லெஸ் ரகத்தைவிட ஏ4 ரகம் நல்லது. அதில் மொலிப்டினம் இருப்பதால் உப்புக்குத் தாக்குப்பிடிக்கும். ஆனால் பசையில்லாமல் பூட்டினால் ஏ4உம் இப்படித்தான் இறுகும். "விலை கூடியதை வாங்கிப் போட்டோமே" என்று நாளைக்கு இன்னொரு பதில் கடிதம் வரக்கூடாது பாருங்கள்.

பூங்கா வாசலில் திறப்புவிழாப் பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. தேர்தல் முடிந்த கையோடு அதைக் கழற்றி வேறு பெயர் மாட்டினார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஸ்குரூக்களுக்குக் கிறீஸ் பூசிய மகராசன் யாரோ, அவரையே ஊஞ்சலுக்கும் அனுப்பியிருக்கலாம்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்தது அதுவல்ல. மாரி தொடங்க முதல் அந்த மூன்று போல்ட்டையும் வெட்டி எடுத்து, நாலையும் புதிதாக, பசை பூசிப் பூட்டித் தாருங்கள். கேள்விப்பத்திரத்தில் அந்த ஒரு வரியையும் தயவுசெய்து சேருங்கள். கிரைண்டர் இல்லையென்றால் என்னிடம் இருக்கிறது, பசையும் ஒரு டின் இருக்கிறது, கூலி வேண்டாம். வருகிற நாளை மட்டும் முதல்நாளே சொல்லிவிடுங்கள், படகு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு எழுவான்கரையிலிருந்து ஒரு என்ஜின் திருத்துகிறவன்