அனுப்பும் முன் ஒரு பார்வை

அன்புள்ள தம்பி,

உன் மேலதிகாரிக்கு எழுதிய ஆங்கில மின்னஞ்சலைப் பார்க்கச் சொல்லியிருந்தாய். இலக்கணத்தில் கை வைக்க இடமில்லை. ஒரு தொடர்தான் ரொம்ப உறுத்துகிறது. அவர் இதய அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியிருக்கிறார். நீயோ அவர் 'அண்டர் தி வெதர்' என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறாய். உடம்பு சரியில்லை என்ற பொருள் சரிதான். ஆனால் அது சளி, தலைவலி, ஒருநாள் அசதிக்குச் சொல்வது. நெஞ்சில் கத்தி வைத்துக்கொண்டவர் அதைப் படித்தால், விஷயத்தின் கனம் இவனுக்கு உறைக்கவில்லை என்றுதான் நினைப்பார். 'சர்ஜரி' என்று நேராகவே எழுது. அந்த இடத்தில் மரபுத்தொடரே வேண்டாம்.

மரபுத்தொடர்களைப் பட்டியல் பார்த்து மனப்பாடம் செய்தால் இப்படித்தான் ஆகும். பட்டியலில் அர்த்தம் இருக்கும். யாரிடம், எந்தத் தொனியில் என்பது இருக்காது. 'கிக் தி பக்கெட்' என்றால் இறப்பது என்று போட்டிருப்பார்கள். அதை இரங்கல் கடிதத்தில் எழுதுவது, துக்க வீட்டுக்குப் போய் 'உங்கள் அப்பா மண்டையைப் போட்டுவிட்டாராமே' என்று கேட்பதற்குச் சமம்.

அப்புறம், தொடரின் உருவத்திலும் கவனம் வை. நாம் 'கம்பி நீட்டினான்' என்போம். 'அவனால் கம்பி நீட்டப்பட்டது' என்றால் சிரிப்பார்கள். 'கிக் தி பக்கெட்'டும் அப்படித்தான். செயப்பாட்டுவினையில் போட்டால் நிஜமாகவே யாரோ வாளியை உதைத்த கதையாகிவிடும். ஆனால் 'ஸ்பில் தி பீன்ஸ்' வளைந்துகொடுக்கும். 'தி பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்று தாராளமாக எழுதலாம். காரணம், பீன்ஸ் ரகசியத்துக்கும், கொட்டுவது வெளியிடுவதற்கும் தனித்தனியே பொருந்திப்போகின்றன. வாளிக்கு அப்படி ஒரு பொருத்தமும் கிடையாது.

உன் குழுவில் பிரிட்டிஷ்காரர்களும் அமெரிக்கர்களும் கலந்திருப்பதால் 'டேபிள்' என்ற வினையில் உஷாராக இரு. பிரிட்டனில் அதற்கு விவாதத்துக்கு எடுப்பது என்று பொருள், அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு ராணுவ அதிகாரிகளும் இதனாலேயே நெடுநேரம் காரசாரமாக மோதிக்கொண்டதைச் சர்ச்சில் எழுதிவைத்திருக்கிறார். அவசரமாகப் பேச வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லையாம்! 'மூட் பாயிண்ட்'டிலும் இதே குழப்பம் உண்டு. ஒருவருக்கு அது வாதத்துக்குரியது, மற்றவருக்கு இனி பேசிப் பயனில்லாதது.

அடைமழையைச் சொல்லும் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' இப்போது பாடப்புத்தகத்தில்தான் அதிகம் பெய்கிறது. விட்டுவிடு.

கடைசிப் பத்தியில் 'பெக்ஸ் தி கொஸ்டின்' போட்டிருக்கிறாய். கேள்வி எழுகிறது என்ற பொருளில் பலரும் எழுதுகிறார்கள். ஆனால் தர்க்கத்தில் அதன் பழைய பொருள், நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாக வைத்துக்கொண்டு வாதிடுவது. அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'ரெய்சஸ் தி கொஸ்டின்' என்று மாற்றிவிடு, யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அன்புடன்,
அப்பா