நீர்க்கட்டி என்று பேர்தான், பாப்பா

பாப்பாவுக்கு,

நேற்று நீ போனில் அழுதபோது "எல்லாம் சரியாகிடும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது. முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்தியவளுக்குச் சொந்தப் பிள்ளையிடம் பேச இவ்வளவுதானா வரும்? அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் டாக்டர் சொன்ன அந்தச் 'சினைப்பை நீர்க்கட்டி' (பிசிஓஎஸ்) என்ற பேரை விடு. ஸ்கேனில் சினைப்பையின் ஓரமாக மணி கோத்த மாதிரி கறுப்பு வட்டங்கள் தெரிந்தனவே, அவை கட்டியே இல்லை. ஒவ்வொன்றும் உள்ளே ஒரு முட்டையை வைத்துக்கொண்டு, பாதி வளர்ந்து நின்றுபோன பாலிக்கிள் என்ற சின்னப் பை. 1935ல் சிகாகோவில் ஸ்டீன், லெவெந்தால் என்ற இரண்டு டாக்டர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர் இன்னும் போகவில்லை.

ஏன் நிற்கிறது என்று கேட்டாய். வழக்கமாக ஒரு கூட்டம் பாலிக்கிள் கிளம்பும், அதில் ஒன்றை மட்டும் எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன் 20 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்த்துவிடும், எல்எச் என்ற இன்னொரு ஹார்மோன் திடீரென்று எகிறியதும் முட்டை வெளியே வரும். உன் ரிப்போர்ட்டில் எல்எச் எப்போதுமே தூக்கலாக இருக்கிறது. அதனால் பாலிக்கிளின் வெளிச்சுவர் செல்கள் ஆண் ஹார்மோனைச் சுரந்து தள்ளுகின்றன, இன்சுலினும் கூட நின்று தூபம் போடுகிறது. போதாததற்கு, ஆண் ஹார்மோனைக் கட்டி வைக்க ஈரல் செய்யும் புரதத்தையும் இன்சுலின் குறைத்துவிடும். தாடையில் வரும் முடியும் பருவும் அந்தக் கணக்குதான். இதற்கிடையில் சின்னப் பாலிக்கிள்கள் எல்லாம் சேர்ந்து ஏஎம்எச் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன, அது இருக்கிற இடத்தில் எஃப்எஸ்எச் சொல்வது சரியாகக் காதில் ஏறாது. ஆறு, ஏழு மில்லிமீட்டரில் அப்படியே நின்றுவிடும். உள்ளே இருக்கிற முட்டையும் சும்மா இருப்பதில்லை, ஜிடிஎஃப்-9 என்றொரு வளர்ச்சிக் காரணியை விட்டு, சுற்றியிருக்கும் செல்களை வளரச் சொல்லிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் எங்கள் பாடப்புத்தகத்தில் கிடையாது, ஓய்வு பெற்ற பிறகு படித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டாவது படிக்கும்போது உன் கழுத்து கறுத்தது. ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று திட்டி, எத்தனை ஞாயிற்றுக்கிழமை பீர்க்கங்காய் நாரால் தேய்த்திருப்பேன், தோல் சிவந்து நீ கத்துவாய். அது அழுக்கே இல்லை பாப்பா. உடம்பில் இன்சுலின் கூடினால் கழுத்துத் தோல் அப்படித்தான் தடித்துக் கறுக்கும். அப்பாவுக்கும் அத்தைக்கும் சர்க்கரை இருக்கிற வீட்டில் எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. மன்னித்துக்கொள்.

மெட்பார்மின் மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே, குமட்டும், சாப்பாட்டோடு போடு. சாயங்கால நடையை விடாதே. எடை ஐந்து சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை வெளியேறத் தொடங்குகிறது, அதற்காகப் பட்டினி கிடக்காதே. அத்தை கல்யாணப் பேச்சை எடுத்தால் அம்மாவிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று வைத்துவிடு.

அப்புறம், அந்த ஸ்கேன் படத்தை இன்னொரு தரம் தெளிவாக எடுத்து அனுப்பு. பெரிதாக்கினால் மங்குகிறது, எண்ண முடியவில்லை.

அம்மா