தளம் போடுவதற்கு முன்பே கூப்பிடுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்காரர் சார்பில் கட்டுமான வேலையைக் கண்காணிக்கும் எங்களிடம், வீடு கட்டத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "கட்டித் தருபவரிடமே இன்ஜினியர் இருக்கிறாரே, தனியாக நீங்கள் எதற்கு?" நியாயமான கேள்வி. போனில் அவசரமாகப் பதில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது. அதனால் எழுதியே அனுப்புகிறோம்.

ஒப்பந்ததாரரின் இன்ஜினியர் நல்ல திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனால் அவருக்குச் சம்பளம் தருபவர் ஒப்பந்ததாரர். நாளைக் காலை காங்கிரீட் வரப்போகிறது, இன்று மாலை கம்பியில் தவறு தெரிகிறது என்றால், "வேலையை நிறுத்துங்கள்" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. எங்களால் சொல்ல முடியும், ஏனென்றால் எங்களுக்குக் கட்டணம் தருபவர் நீங்கள் மட்டும்தான். ஒப்பந்ததாரரிடமோ, சிமெண்ட், கம்பி விற்பவரிடமோ நாங்கள் கமிஷன் வாங்குவதில்லை. எங்களை விட்டு வேறு யாரை அமர்த்தினாலும் இந்த உறுதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எப்போது கூப்பிடுவது என்பது. வீட்டைத் தாங்கும் வேலைகள் எல்லாமே மூடப்பட்டுவிடுபவை; அதனால் மூடுவதற்கு முன்பே பார்த்தாக வேண்டும். பால்கனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள தளம் அது. பாரம் ஏறினால் மேற்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் நசுங்கும். நசுக்கினால் காங்கிரீட் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். அதனால் அங்கே முதன்மைக் கம்பி மேலேதான் இருக்க வேண்டும். வரைபடத்தில் சரியாகத்தான் போட்டிருப்பார்கள். ஆனால் காங்கிரீட் கொட்டும்போது ஆட்கள் அந்தக் கம்பிமேல் ஏறி நடப்பார்கள், கம்பி அமுங்கிக் கீழே போய்விடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஒரு வீட்டில் நாங்கள் போய்ப் பார்த்தபோது, மேல் கம்பியைத் தூக்கிப் பிடிக்க அடியில் எதுவுமே கொடுக்காமல், அது கீழே, காங்கிரீட்டைத் தாங்க அடிக்கும் சென்ட்ரிங் பலகையை ஒட்டிக் கிடந்தது. அரை நாளில் சரிசெய்துவிட்டார்கள். மறுநாள் போயிருந்தால், பால்கனியை இடிப்பதா, அடியில் தூண் கொடுப்பதா என்று பேசிக்கொண்டிருந்திருப்போம்.

தண்ணீரும் அப்படித்தான். கலவை கெட்டியாக இருந்தால் பரப்பச் சிரமம் என்று இரண்டு வாளி கூடுதலாக ஊற்றிவிடுவார்கள். வேலை சுலபமாகும், வலு குறைந்துபோகும். இறுகிய பிறகு வெறும் கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் கொட்டும்போதே அச்சுகளில் மாதிரி எடுத்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்கச் சொல்கிறோம். அப்புறம், பூச்சு வேலைக்கு முன் குழாய்களில் அழுத்தச் சோதனை (அழுத்தம் கொடுத்து எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது), டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் குளியலறையில் ஒரு முழு நாளாவது தண்ணீர் தேக்கிப் பார்ப்பது. இந்த இரண்டையும் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள்.

நாங்கள் நாள் முழுக்க அங்கேயே நிற்பதில்லை. கொத்தனாருக்கோ கம்பி கட்டுபவருக்கோ நேராக உத்தரவு போடுவதும் இல்லை; இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் வேலை கெட்டுப்போகும். பார்த்ததைப் படத்தோடு எழுதி உங்களுக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவோம். நாங்கள் வராத நாளில் நடந்ததற்கு எங்களால் சான்று தர முடியாது. அதனால்தான் எந்தெந்தக் கட்டத்தில் வருவோம் என்பதை முன்கூட்டியே உங்களோடு உட்கார்ந்து குறித்துக்கொள்கிறோம்: அஸ்திவாரக் கம்பி, பில்லர், ஒவ்வொரு தளம், குழாய்கள், நீர்க்கசிவுத் தடுப்பு.

இதற்கெல்லாம் உங்கள் ஒப்பந்தத்தில் இடம் வேண்டும். மூடும் வேலை எதற்கும் இரண்டு நாள் முன்னறிவிப்பு, எங்கள் அறிக்கை வந்த பிறகே அந்தக் கட்டத்துக்கான பணம். இந்த இரண்டு வரிகளும் கையெழுத்துக்கு முன்பே சேர்ந்துவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது. சேர்க்காமல் விட்டால் எங்களை உள்ளே விடமாட்டேன் என்று ஒப்பந்ததாரர் சொல்லலாம், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே ஒப்பந்த வரைவும் வரைபடங்களும் கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடும் முன் எங்களுக்கு அனுப்புங்கள். வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தாலும் தயங்க வேண்டாம். எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். மூடிப்போனதை "பார்க்கவில்லை" என்றே அறிக்கையில் எழுதிவிட்டு, மீதியிலிருந்து தொடங்குவோம்.

அன்புடன்,
உங்கள் கட்டுமானக் கண்காணிப்புக் குழுவினர்