ஆற்றில் குதித்தது பற்றி

திருநெல்வேலி

அன்புள்ள மகனுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் சத்தம் போட்டதில் பேரன் சாப்பிடாமலே படுத்துவிட்டான். அப்புறம் அம்மா எழுப்பி இரண்டு தோசை கொடுத்தாள். முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான், வேறொன்றும் இல்லை.

"அறிவிருக்கா அவனுக்கு?" என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். அறிவு இருக்கிறது. முந்தின நாள்தான் என்னிடம், "தாத்தா, குறுக்குத்துறையில தண்ணிக்குள்ள பாறை இருக்குமா?" என்று கேட்டான். இருக்கும், தண்ணீர் குறைந்திருக்கும்போது ஆபத்து அதிகம் என்று சொன்னேன். தலையாட்டினான். மறுநாள் அந்த ஆற்றுத் துறையில் இருக்கிற கல்மண்டபத்தின் மேல் ஏறிவிட்டான்.

நான் படித்துறையில் வேட்டி அலசிக்கொண்டிருந்தேன். விளிம்புக்கு வந்து தண்ணீரைப் பார்த்தான். இரண்டடி பின்னால் போனான். சரி, இறங்கிவிடுவான் என்று நினைத்தேன். கீழே நின்ற பையன்கள் "குதிலே!" என்றார்கள். அவன் பார்வை தண்ணீரை விட்டு அவர்கள் முகத்துக்குப் போனது. நான் வாய் திறப்பதற்குள் குதித்துவிட்டான்.

2005-இல் அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கார் ஓட்டும் கணினி விளையாட்டு; மஞ்சள் விளக்கு எரிந்தால் நிற்பதா, போவதா? 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், சேக்காளிகள் பார்க்கும்போது, தனியாக ஆடியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் யார் பார்த்தாலும் பெரிய மாற்றமில்லை. பேரன் மாதிரிப் பதின்ம வயதில் மூளையில் இன்பத்துக்குத் துள்ளுகிற பகுதி முழு வேகத்தில் இருக்கும். நெற்றிக்குப் பின்னால் இருந்து இழுத்துப் பிடிக்கிற பகுதி முதிர 25 வயதுவாக்கில் ஆகும். முப்பது வருஷம் வகுப்பில் நான் கண்டதும் இதுதான். தனியே கூப்பிட்டுக் கேட்டால் பசு மாதிரி நிற்பான். நாலு பேர் நடுவில் அவனே வேறு ஆள்.

நீ பத்தாம் வகுப்பு படிக்கையில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் மூன்று பேராகப் போய் விழுந்து வந்தாய். புளிய விளாரால் அடித்துவிட்டு, "ஏன்லே இப்படிச் செஞ்ச?" என்றேன். "தெரியலப்பா" என்றாய். திமிர் என்று இன்னும் இரண்டு போட்டேன். நீ உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாய். அதற்காக இத்தனை வருஷம் கழித்து வருத்தப்படுகிறேன், ஐயா.

அந்தக் காலத்தில் ஊர்களில் இளவட்டக்கல் என்று கனமான உருண்டைக் கல் கிடக்கும். பலத்தைக் காட்டப் பையன்கள் ஊர் பார்க்கத் தூக்கினார்கள். பார்க்கிற கூட்டத்தில் பெரியவர்களும் இருந்தார்கள். அது எனக்குச் சரியாகப் படுகிறது. அதனால் இன்று காலை பேரனை நானே ஆற்றுக்குக் கூட்டிப்போனேன். மூங்கில் கம்பைவிட்டு ஆழம் பார்க்கச் சொன்னேன். மண்டபத்தை ஒட்டி அவன் இடுப்பளவுதான் தண்ணீர். பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆழமான இடத்தைக் காட்டி, பாறை இல்லை என்று துழாவிப் பார்த்துவிட்டு, அங்கே படியிலிருந்து குதிக்கவிட்டேன். ஏழெட்டு முறை குதித்தான்.

பைக் விஷயத்தில் மட்டும் நான் இளக மாட்டேன். 18 முடியாமல் சாவியைக் கொடுக்காதே. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை. அதுவும் பெற்றவனுக்கோ வண்டியின் சொந்தக்காரனுக்கோ. லைசென்ஸ் வந்த பிறகும் முதல் ஒரு வருஷம் பின்னால் சேக்காளியை ஏற்றவிடாதே. பின்னால் ஆள் உட்கார்ந்தால் அவன் கை ஆக்ஸிலேட்டரை முறுக்கும்.

வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுகிறேன். ஸ்டேஷனில் பார்த்ததுமே ஆரம்பித்துவிடாதே. மேலே நின்றபோது எப்படி இருந்தது என்று கேள். வயிறு கலங்கியது, ஆனாலும் இறங்க வெட்கமாக இருந்தது என்று என்னிடம் சொன்னான். உன்னிடமும் சொல்வான்.

அப்பா