அந்த இரண்டு பீரியடையும் விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் 11, 12 ஆம் வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை, என் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிர்வாகத்தில் இருப்பவர்களைச் சங்கடப்படுத்த எனக்கு மனமில்லை. அவர்களிடம் நேரில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஆனால் வேறு பள்ளிகளில் வேலை பார்க்கும் தோழிகளிடம் பேசும்போது அங்கேயும் இதே கதைதான் என்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் மேல்நிலை மாணவர்களுக்கு வாரத்தில் இரண்டு பீரியட் விருப்பப் பாடம் இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட். தேர்வு கிடையாது, மதிப்பெண் பட்டியலிலும் வராது. பாட்டு, தச்சு வேலை, சைகை மொழி, கிரேக்க எழுத்துகள், நாட்காட்டிக் கணக்கு என்று ஐந்தாறு வகுப்புகள் நடக்கும். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததில் சேரலாம். இந்த ஆண்டு அதை எடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் இப்போது நுழைவுத் தேர்வுப் பயிற்சி நடக்கிறது. 12 ஆம் வகுப்புக்கு மட்டும் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஒரு மாதத்துக்குள் 11 ஆம் வகுப்புக்கும் அதே உத்தரவு வந்துவிட்டது.

நாட்காட்டிக் கணக்கு என் வகுப்பு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். என்ன போனது என்பது அப்போதுதான் புரியும்.

முதல் வாரம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். கிறிஸ்துமஸ் எப்போதும் டிசம்பர் 25. ஈஸ்டர் மட்டும் ஏன் ஒவ்வொரு ஆண்டும் இடம் மாறுகிறது? பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகும் பிள்ளைகளே பலர் விழிப்பார்கள். ஒரு முறை முதலில் பதில் சொன்னது ஒரு முஸ்லிம் மாணவி. "நிலாவைப் பார்த்து வைப்பார்களாக இருக்கும் மிஸ், எங்கள் நோன்பும் அப்படித்தான்" என்றாள். சரி, அப்படியென்றால் ரமலான் வெயில் காலத்திலும் வருகிறது, மழைக் காலத்திலும் வருகிறது, ஈஸ்டர் மட்டும் ஏன் மார்ச், ஏப்ரலைத் தாண்டுவதே இல்லை என்று கேட்டேன். அவளே யோசித்து, சந்திர ஆண்டுக்கு 354 நாள்தான், அதனால் நோன்பு ஆண்டுக்குப் பதினோரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னாள். ஈஸ்டரைச் சூரியனோடும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்ற இடத்துக்கு வகுப்பு தானாக வந்து சேர்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன், தன் தாத்தா பஞ்சாங்கம் பார்ப்பவர், அதில் அதிக மாதம் என்று ஒன்று வரும், அதுவும் இதற்குத்தானா என்று கேட்டான். இதற்கேதான். ஆண்டுக்குப் பன்னிரண்டு வீதம் பத்தொன்பது ஆண்டுகளுக்கு 228 சந்திர மாதங்கள் போக இன்னும் ஏழு மாதங்கள் சேர்த்தால் 235. அப்போது நிலாவும் சூரியனும் ஏறக்குறைய அதே தேதியில் மறுபடி சந்திக்கும்.

எங்கள் பள்ளியில் வேதபாட நேரத்தில் கிறிஸ்தவப் பிள்ளைகள் ஓர் அறைக்குப் போவார்கள், மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்குப் போவார்கள். அது அப்படித்தான் இருக்க முடியும், குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று வீட்டு வழக்கங்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே வானத்தைப் பற்றிப் பேசியது அந்த வெள்ளிக்கிழமையில்தான்.

விதி எளிமையானது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அந்தப் பௌர்ணமியே ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதற்கும் அடுத்த ஞாயிறு. ஆகவே மார்ச் 22க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது. ஆண்டைப் பத்தொன்பதால் வகுத்து, மீதியோடு ஒன்று கூட்டினால் வருவதற்குப் பொன் எண் என்று பெயர். அதை வைத்து அட்டவணையில் பௌர்ணமியைக் கண்டுபிடிக்கலாம். கால்குலேட்டர் வேண்டாம், பென்சிலும் ரஃப் நோட்டும் போதும்.

2019 இல் பிள்ளைகள் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்கள். அந்த ஆண்டு மார்ச் 21 அன்று வானத்தில் பௌர்ணமி. விதிப்படி மார்ச் 24 ஈஸ்டர் வர வேண்டும். ஆனால் திருச்சபை கொண்டாடியதோ ஏப்ரல் 21. யார் தப்பு, நிலாவா சபையா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. சபை பயன்படுத்துவது அட்டவணையில் இருக்கும் நிலா. அந்த அட்டவணை அந்த மாதப் பௌர்ணமியை மார்ச் 20 என்று வைத்திருந்தது. அது 21க்கு முந்தியதால் அடுத்த பௌர்ணமிக்குப் போக வேண்டியதாயிற்று. ஒரே ஒரு நாள் வித்தியாசம், பண்டிகை நான்கு வாரம் தள்ளிப்போய்விட்டது. கணித மாதிரிக்கும் இயற்கைக்கும் உள்ள இடைவெளி என்று இயற்பியல் வகுப்பில் நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் புரிந்த மாதிரி என்றைக்கும் புரிந்ததில்லை.

அதே வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணக்கில் தேறுவதே கஷ்டம். நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எண்களை எழுதிக்கொண்டு வந்தான். 1943, 2019, 2038 மூன்றுக்கும் பொன் எண் ஆறுதான், மூன்றுக்கும் அட்டவணைப் பௌர்ணமி ஏப்ரல் 18தான், ஆனால் 1943 இலும் 2038 இலும் அது ஞாயிற்றுக்கிழமை வருவதால் ஈஸ்டர் கடைசி எல்லையான ஏப்ரல் 25க்குப் போகிறது என்று காட்டினான். யாரும் அவனைக் கேட்கவில்லை. தானாகத் தேடிக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு அவன் கணக்கில் நிறைய மதிப்பெண் வாங்கினான் என்று நான் சொல்லப் போவதில்லை. வாங்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.

பிறகு 1582 இன் கதை. பழைய ஜூலியன் நாட்காட்டி ஆண்டுக்குப் பதினோரு நிமிடம் அதிகமாகக் கணக்கு வைத்ததால், பல நூற்றாண்டுகளில் பத்து நாள் பிசகிவிட்டது. போப் பதின்மூன்றாம் கிரகோரி அதைத் திருத்தினார். கத்தோலிக்க நாடுகள் சிலவற்றில் அக்டோபர் 4 வியாழக்கிழமை இரவு தூங்கியவர்கள் எழுந்தபோது அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை. அந்தத் திருத்தத்தை விளக்கி எழுதி, எதிர்ப்புகளுக்குப் பதில் சொன்னவர் கிளாவியஸ் என்ற இயேசு சபைக் குருவானவர், கணித ஆசிரியர். இங்கிலாந்து 1752 வரை ஏற்கவில்லை. கிழக்குத் திருச்சபைகளில் பெரும்பாலானவை இன்றும் ஈஸ்டருக்குப் பழைய கணக்கையே வைத்திருக்கின்றன. அதனால்தான் 2024 இல் மேற்கில் மார்ச் 31, கிழக்கில் மே 5. 2025 இல் இரண்டு பக்கமும் ஏப்ரல் 20 அன்று ஒன்றாக வந்தது. இத்தாலியில் பொலோஞா நகரத்துப் பெரிய கோயிலில் 1655 இல் காசினி என்ற வானியலாளர் கூரையில் ஒரு துளை வைத்து, தரையில் அறுபது மீட்டருக்கும் நீளமான ஒரு கோடு போட்டார். நடுப்பகலில் அதன் மேல் விழும் சூரிய வட்டத்தை வைத்து, பகலும் இரவும் சமமாக இருக்கும் சம இரவு நாளை அளந்தார்கள். ஈஸ்டர் விதியில் மார்ச் 21 என்று வைத்திருப்பது அந்த நாளைத்தான். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காகக் கலிலேயோவை 1633 இல் சபை தண்டித்ததையும் நான் மறைக்காமல் சொல்வேன். இரண்டையும் தெரிந்துகொண்டால்தான் பிள்ளைகளால் நேர்மையாகப் பேச முடியும்.

நாங்களும் பள்ளி சேப்பலின் தெற்கு ஜன்னலில் ஒரு அட்டையை வைத்து, அதில் ஒரு சிறு துளை போட்டோம். வாரம் ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் தரையில் விழும் வட்டத்தைச் சாக்பீஸால் குறித்தோம். சேப்பலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை முதல் மாதம் தெரியாமல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரே டேப் துண்டுகள் வாங்கி வந்து ஒட்டித் தந்தார். வட்டம் நகர்ந்துகொண்டே போவதைப் பார்க்க, வகுப்பில் சேராத பிள்ளைகளும் வந்து நிற்பார்கள்.

சைகை மொழி வகுப்பு என்னுடையது அல்ல. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த ஒரு சக ஆசிரியர் எடுத்தார். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, நாட்டுக்கு நாடு அது வேறுபடும் என்பதே பிள்ளைகளுக்குப் புதிய செய்தி. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் காது கேளாத பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி நடத்திய லெப்பே ஒரு குருவானவர். தான் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிய சைகைகளை உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். இதைச் சொல்லித்தான் அந்த ஆசிரியர் வகுப்பைத் தொடங்குவார். ஒரு பெற்றோர் கூட்டத்தில் காது கேளாத ஒரு தகப்பனார் வந்திருந்தார். வழக்கமாக அவருடைய மகளே இடையில் நின்று மொழிபெயர்ப்பாள், தன்னைப் பற்றி வரும் குறையையும் அவளே சொல்ல வேண்டும். அன்றைக்கு அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, 12 ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி தட்டுத்தடுமாறி என் பேச்சை அவருக்குச் சொன்னாள். அவர் கேட்ட முதல் கேள்வி, "என் மகள் வகுப்பில் சிரிக்கிறாளா?" அதை நான் என்றும் மறக்க மாட்டேன். ஏனென்றால் அதை மகள் வழியாக அவர் கேட்டிருக்கவே முடியாது.

பாட்டு, தச்சு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அருமை எல்லாருக்கும் தெரியும். கிரேக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இயற்பியலில் தினமும் எழுதும் ஆல்ஃபா, பீட்டா, லாம்டாவைக் கொண்டுதான் புதிய ஏற்பாடு எழுதப்பட்டது என்று தெரிந்த அன்று பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விருப்பப் பாடத்தை எடுத்துவிடுவதற்கு முன்பே ஒரு தவறு நடந்தது. ஒரு ஆண்டு மதிப்பெண்ணை வைத்து ஒதுக்கினார்கள். முதலில் இருப்பவர்களுக்குக் கம்ப்யூட்டர், அடுத்தவர்களுக்குப் பாட்டு, மிச்சம் இருந்தவர்கள் தச்சுக்கும் சைகை மொழிக்கும். அந்த ஆண்டு தச்சு வகுப்புக்குப் போன பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். தச்சரின் வீட்டில் வளர்ந்தவரைக் கும்பிடும் பள்ளியில் அது நடந்தது என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது. உடல் முழுவதும் கண்ணாக இருந்தால் காது எங்கே என்று, எல்லா உறுப்பும் வேண்டும் என்பதைப் பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைக் காலைக் கூட்டத்தில் வாசிக்கிறோம். அதை டைம்டேபிளிலும் கொஞ்சம் காட்ட வேண்டாமா?

நிர்வாகத்தின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. தேர்வு முடிவை வைத்துத்தான் பள்ளியை எடை போடுகிறார்கள். பெற்றோரும் பயப்படுகிறார்கள். ஒரு தகப்பனார் என்னிடம், "ஈஸ்டர் தேதி காலண்டரிலேயே போட்டிருக்கே டீச்சர், எதுக்குக் கணக்குப் போடணும்?" என்றார். கடன் வாங்கிப் படிக்க வைக்கிறவர். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாரம் முழுவதும் ஏற்கெனவே மாதிரித் தேர்வு எழுதும் பிள்ளைக்கு இன்னும் இரண்டு பீரியட் மாதிரித் தேர்வு எவ்வளவு கூட்டித் தரும்? வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பயிற்சி அறையில் நான்தான் மேற்பார்வைக்கு நிற்கிறேன். பாதிப் பேர் தாளின் மேல் தலையைச் சாய்த்திருக்கிறார்கள்.

ஆகவே, கிறிஸ்தவப் பள்ளிகளை நடத்துபவர்களிடம் நான் கேட்பது இதுதான். 11 ஆம் வகுப்புக்கு ஆண்டு முழுவதும், 12 ஆம் வகுப்புக்கு அரையாண்டுத் தேர்வு வரையிலாவது அந்த இரண்டு பீரியடைத் திருப்பிக் கொடுங்கள். எந்தப் பாடம் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். மதிப்பெண்ணும் வேண்டாம், வகுப்பாசிரியரின் சிபாரிசும் வேண்டாம். ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன் என்று இரண்டு வரி எழுதித் தரட்டும், போதும். அதை இன்னொரு வேதபாட வகுப்பாகவும் ஆக்கிவிடாதீர்கள். வேற்று மதத்துப் பிள்ளைகள் தயங்காமல் வரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையென்றால் முதலில் உங்கள் ஆசிரியர்களிடம், உங்களுக்கு எதன் மேல் ஆசை என்று கேட்டுப் பாருங்கள். நாட்காட்டிக் கணக்கை எந்தச் சுற்றறிக்கையும் எனக்குத் தரவில்லை. ஓய்வு நேரத்தில் நானே படித்தது.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்டு முடித்த பிறகு, விருப்பப் பாடம் என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள். நாங்கள் ஆசிரியர்கள் சொன்னால் கேட்காத இடத்தில் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். எங்கள் பள்ளியில் அடுத்த ஆண்டு டைம்டேபிள் இன்னும் போடவில்லை. சேப்பல் ஜன்னலில் அட்டையும் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
மேல்நிலை வகுப்பு இயற்பியல் ஆசிரியை ஒருவர்