கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் படி

அன்புள்ள கதிர்,

நேற்று போனில் அந்த பிக்கப் ட்ரக்கைப் பற்றிச் சொல்லும்போது உன் குரலே மாறிவிட்டது. 11,000 பவுண்ட் எடை இழுக்குமாம், நீ பார்த்து வைத்திருக்கும் கேம்பிங் ட்ரெய்லரின் உச்ச எடையே 7,000 தானாம், அதனால் தாராளமாம். நான் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்தேன். பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தத்தில் கணக்கு பேச முடியுமா? அதனால்தான் எழுதுகிறேன். நீ முன்பணம் கட்டுவதற்குள் இதைப் படித்துவிட வேண்டும்.

அந்த 11,000 பொய் இல்லை. ஆனால் உன் கையைக் கட்டப்போகிற எண் அது இல்லை. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. இந்தக் கால இன்ஜின்கள் எதையும் இழுத்துவிடும். அந்த எண்ணைச் சொல்வதற்கு ஒரு முறையான சோதனையே இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்து மலையேற்றத்தில், 100 டிகிரி பாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழுக்க வைத்துக்கொண்டு, வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகாமல் ஏறிக் காட்ட வேண்டும். கஷ்டமான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது இரண்டே பேர், தலைக்கு 150 பவுண்ட். பிள்ளைகள் இல்லை, நாய் இல்லை, பின்னால் சைக்கிள் இல்லை. உன் வீட்டில் அப்படி யார் கிளம்புகிறார்கள்?

ட்ரக்கின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திற. கதவு வந்து மூடும் அந்தச் சட்டத்தில், டயர் காற்றழுத்தம் போட்ட மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். அதுதான் பேலோட். விளம்பரப் புத்தகத்தில் போடும் பேலோட், ஒரு வசதியும் சேர்க்காத, இரண்டு கதவு வைத்த ஏதோ ஒரு வண்டிக்கானது. ஸ்டிக்கரில் இருப்பது நீ தொட்டுக்கொண்டு நிற்கும் அதே வண்டிக்கானது. ஒரே மாடல், ஒரே நிறம், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளில் சில நூறு பவுண்ட் வித்தியாசம் இருக்கும். வண்டியும் சுமையும் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடையைத் தயாரிப்பாளர் முதலிலேயே முடிவு செய்துவிடுகிறார். அதில் வண்டியின் சொந்த எடை போக மீதிதான் நமக்கு. கண்ணாடிக் கூரை, மோட்டார் வைத்த தோல் சீட், பெரிய சக்கரம், மின்சாரப் படி எல்லாம் அந்த மீதியிலிருந்துதான் கழிகின்றன. மலருக்குப் பிடித்த உயர்ந்த ரகம்தான் இருப்பதிலேயே குறைவாகச் சுமக்கும். இதை அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே.

ட்ரெய்லர் தன் சக்கரத்தில்தானே உருள்கிறது, அதற்கும் பேலோடுக்கும் என்ன சம்பந்தம் என்று உன் அப்பாவும் கேட்டார். ட்ரெய்லரின் மூக்கு ட்ரக்கின் கொக்கிமேல் உட்காருகிறது, கண்ணா. ட்ரெய்லரின் மொத்த எடையில் 10-லிருந்து 15 சதவீதம் வரை அந்த மூக்கு வழியாக ட்ரக்கின்மேல் இறங்க வேண்டும். அப்படி இறங்கினால்தான் அது ஆடாமல் வரும். அந்த எடை, பின் தொட்டியில் மூட்டை ஏற்றிய மாதிரிதான். முழுக்க பேலோட் கணக்கில் சேரும்.

இப்போது உன் வீட்டுக் கணக்கைப் போடுகிறேன். நீ அனுப்பிய படத்தில் ஸ்டிக்கர் தெரியவில்லை. நான்கு கதவு வைத்த அரை டன் வண்டிகளில் (அது ரகத்தின் பெயர்தான், சுமக்கும் அளவு இல்லை) 1,450 என்பது சர்வசாதாரணம், அதையே வைத்துக்கொள்வோம். ட்ரெய்லர் சாமானோடு 6,400 என்று வை. மூக்கில் 13 சதவீதம், 832. எடையைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச், அதாவது ட்ரெய்லரை மாட்டும் கொக்கி அமைப்பு, தனியாக 100. நீ, மலர், பிள்ளைகள் இருவர், நான்கு பேருமாக 445. நாய் 60. ஆக மொத்தம் 1,437. நாய் ஏறிக் கதவைச் சாத்தியதும் மிச்சம் 13 பவுண்ட். இன்னும் பின் தொட்டியில் எதுவுமே வைக்கவில்லை. ஜெனரேட்டர், விறகு, சைக்கிள், மடக்கு நாற்காலி என்று 200 பவுண்ட் வைத்தால், 187 பவுண்ட் மீறிவிட்டாய். இழுவைக் கணக்கிலோ உனக்கு இன்னும் 4,600 பவுண்ட் பாக்கி! விற்பவர் காட்டுவது அந்த 4,600-ஐத்தான்.

6,400 எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். ட்ரெய்லர் விளம்பரத்தில் போடுவது வெற்று எடை, அதாவது ஆலையை விட்டு வெளியே வரும்போது இருந்த எடை. அந்த எடையில் யாரும் ஊர் போனதில்லை. பேட்டரி ஏறும், மெத்தை விரிப்பு ஏறும், நீ வேண்டாம் என்றாலும் இரும்புச் சட்டி ஏறும். தண்ணீர் ஒரு காலன் 8.3 பவுண்ட், 40 காலன் தொட்டியை நிரப்பினால் 330-ஐத் தாண்டிவிடும். 30 பவுண்ட் காஸ் சிலிண்டர் என்று பெயர், நிரப்பினால் கூட்டோடு 55 வரும். அதில் இரண்டு, அதுவும் சரியாக மூக்கின்மேல். அதனால் ட்ரெய்லரின் வெற்று எடையைப் பார்க்காதே. அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டில் போட்ட உச்ச எடையை எடுத்துக்கொண்டு, அதில் 13 சதவீதம் போடு. கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும், வரட்டும்.

எங்கள் கதையை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறாய். அப்போது நீ கல்லூரியில் இருந்தாய். முதல் ட்ரக்கை வாங்கியபோது, "எதையும் இழுக்கும் சார்" என்று விற்றவர் சொன்னார், அப்பா நம்பினார், நானும் தலையாட்டினேன். மூன்றாவது பயணத்தில் ஒரு நீண்ட இறக்கம். பக்கவாட்டில் காற்று. ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டிப் போனது, ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, அப்புறம் ட்ரக்கின் பின்பக்கத்தையே இழுத்துக்கொண்டு. ஸ்டீயரிங் கையில் எடையே இல்லாமல் இருந்தது என்று அப்பா பிறகு சொன்னார். நல்லவேளை, அவர் பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, டாஷ்போர்டில் இருந்த ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தினார். ட்ரெய்லர் பின்னுக்கு இழுத்து நேரானது. அடுத்த ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலமே லாரிகள் நிற்கும் இடத்தில் இருந்த எடை மேடையில் ஏற்றினோம். பின் அச்சு மீறியிருந்தது. முன் அச்சு, ட்ரக் தனியாக இருந்ததைவிட லேசாகிவிட்டிருந்தது. ஏன் என்று வீட்டுக்கு வந்து காகிதத்தில் வரைந்து பார்த்தேன். நெம்புகோல் கணக்குதான். இரண்டு அச்சுக்கும் நடுவில் 12 அடி, கொக்கி பின் அச்சுக்கு 5 அடி பின்னால். கொக்கியில் 800 பவுண்ட் உட்கார்ந்தால், பின் அச்சில் 800 மட்டும் ஏறாது, 1,130-க்கு மேல் ஏறும். அந்த 330-உம் முன் சக்கரத்திலிருந்து பிடுங்கியது. திருப்புவதும் பெரும்பாலும் நிறுத்துவதும் முன் சக்கரம்தானே. நான் சொன்ன எடை பகிரும் ஹிட்ச்சின் இரும்புக் கம்பிகள் இதில் ஒரு பங்கை முன் சக்கரத்துக்குத் திருப்பிக் கொடுக்கும், கொஞ்சத்தை ட்ரெய்லர் அச்சுக்கும் தள்ளும். அவசியம் போடு. ஆனால் அதைப் போட்டதால் ஸ்டிக்கரில் உள்ள எண் கூடிவிடாது.

கணக்கு இடிக்கும்போது மனசு குறுக்கு வழி தேடும், எனக்குத் தெரியும். சாமானை எல்லாம் ட்ரெய்லரின் பின்கோடிக்குத் தள்ளினால் மூக்கு லேசாகிவிடுமே என்று தோன்றும். தோன்றினால் அங்கேயே நிறுத்து. மூக்கில் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த வாலாட்டம் சுலபமாக வரும். நாங்கள் செய்ததும் அதைத்தான். ட்ரக்கின் பின் பக்கம் தொங்குகிறது என்று முந்தின நாள் எல்லாவற்றையும் ட்ரெய்லரின் பின்னால் அடுக்கியது நான்தான், உன் அப்பா இல்லை. இத்தனை வருஷம் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்பிரிங்குக்கு நடுவே காற்றுப் பை வைத்தால் போதும் என்றும் ஒருவர் சொல்வார். வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். அச்சும் சக்கரமும் டயரும் பிரேக்கும் பழையபடியேதான் இருக்கும்.

அப்போ என்ன வாங்குவது? முதலில் ட்ரெய்லரை முடிவு செய், அப்புறம் ட்ரக். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். அரை டன் வண்டியிலேயே, எஃப்-150 ஆகட்டும் சில்வராடோ ஆகட்டும், எளிய ரகத்தில் 1,800, 1,900 போட்ட ஸ்டிக்கர் தேடினால் கிடைக்கும். விற்பவரின் பேச்சைக் கேட்காமல் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அது போதாது என்றால் அடுத்த பெரிய ரகமான முக்கால் டன், எஃப்-250, ராம் 2500 மாதிரி. அதிலும் டீசல் மோகம் வேண்டாம். டீசல் இன்ஜின் பல நூறு பவுண்ட் கூடுதல் எடை. முக்கால் டன் வண்டிகள் பலவற்றில் உச்ச எடையை 10,000 பவுண்டில் நிறுத்திவிடுகிறார்கள், அந்தக் கூடுதல் எடை நேராக உன் பேலோடில் கழியும். நல்ல ரக டீசல் வண்டி, சாதாரண பெட்ரோல் வண்டியைவிடக் குறைவாகச் சுமப்பதைப் பார்த்திருக்கிறேன். பின் தொட்டிக்குள் மாட்டும் ஐந்தாம் சக்கர ட்ரெய்லருக்கு ஆசைப்பட்டால் சொல், அது வேறு கணக்கு. அதில் மொத்த எடையில் 20 சதவீதத்தை ஒட்டி ட்ரக்கில் இறங்கும், அரை டன்னை நினைக்கவே வேண்டாம்.

ஹிட்ச் மாட்டும் சட்டத்திலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அது தாங்கும் மூக்கு எடை அதில் இருக்கும். குனிந்து அதையும் படி. எல்லா எண்ணிலும் சின்னது எதுவோ அதுதான் உன் எல்லை. வாங்கின பிறகு, முதல் பயணத்துக்கு முன்னால், ஆட்களோடும் சாமானோடும் எடை மேடைக்குப் போ. ட்ரெய்லரோடு ஒரு சீட்டு, ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு ஒரு சீட்டு. எடை பகிரும் கம்பிகளை மாட்டாமல் எடுத்தால், ட்ரக் அச்சு இரண்டின் கூட்டுத்தொகையில் வரும் வித்தியாசம்தான் மூக்கு எடை. எங்கள் பழைய சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். அப்பா ஓரத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பது பின் அச்சு.

நாளைக்கு அந்த வண்டியைப் பார்க்கப் போவதாகச் சொன்னாயே, ஸ்டிக்கரைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. நான்கு பேர் எடையும் நாயின் எடையும் எழுது. உன் எடையை மலரே பார்த்துச் சொல்லட்டும், உன் வாயால் வருவதில் எப்போதும் பத்து பவுண்ட் குறைகிறது.

அன்புடன்,
அம்மா