பத்து விரல்

லண்டன், 22.03.2012

அன்புள்ள பிள்ளைக்கு,

விடியப்புறம் மூன்றரைக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். அம்மா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்து, "வென்றாச்சு போல" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துவிட்டா. எனக்கு நித்திரை வரவில்லை. போனில் சொன்னால் நீ "சரியப்பா, சரியப்பா" என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் வாசி. அப்புறம் மருமகனுக்கும், அந்த டொட்டன்ஹாம்காரருக்கு, சத்தமாக வாசித்துக் காட்டு, அவர் எழும்பிப் போனாலும் நிறுத்தாதே.

எவர்ட்டன் 0, ஆர்சனல் 1. டொட்டன்ஹாம் 1, ஸ்டோக் 1. இப்போது கால்பந்து லீக்கில் ஆர்சனல்காரர் நாங்கள் 55 புள்ளி, டொட்டன்ஹாம் அவர்கள் 54. மூன்றாம் இடம் எங்களுக்கு. மெல்பேர்னில் இருந்தாலும் மருமகன் இதையெல்லாம் விடியவே பார்த்திருப்பார், ஆனால் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், அதையும் நான் அறிவேன்.

பெப்ரவரி 11 உனக்கு ஞாபகம் இருக்கா? அன்று பின்னேரம் செவன் சிஸ்டர்ஸில், டொட்டன்ஹாம் மைதானத்துச் சனம் வந்து ஏறுகிற சுரங்க ரெயில் ஸ்டேசனில், எனக்கு டியூட்டி. பகலில் எங்கள் தியரி ஒன்றி, சண்டர்லாந்தில் கடைசி நிமிடத்தில் கோல் போட்டு வெல்ல வைத்தார், நான் கொஞ்சம் சந்தோசமாகத்தான் வேலைக்குப் போனேன். ஆனால் அன்று அவர்கள் நியூகாசிலை 5-0 என்று துவைத்துவிட்டு வந்தார்கள், அதுவும் எங்களிடம் இருந்து போன அடபாயோர் முன்னுக்கு நின்று ஆடி! புள்ளி 53க்கு 43. விக்டோரியா லைன் பிளாட்பாரத்தில் சன நெரிசல். நான் மைக்கைப் பிடித்துப் பழக்கதோஷத்தில் "மைண்ட் த கேப்", இடைவெளியைக் கவனியுங்கள், என்று சொன்னேன் பார், முழுப் பிளாட்பாரமும் கொல்லென்று சிரித்தது. நான் எந்தப் பக்கம் என்று வழமையாக வருகிறவர்களுக்குத் தெரியும். அதிலே ஒரு வெள்ளைத்தாடிக் கிழவர், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருகிறவர், ரெயின் கதவு மூடுகிற வரைக்கும் இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலையும் எனக்குக் காட்டிக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். 26ஆம் திகதி எங்கள் மைதானத்தில் அவர்களோடு 0-2 என்று பின்தங்கி, அப்புறம் 5-2. லிவர்பூலில் எங்கள் வான் பெர்சி கடைசி நிமிடத்தில் கோல். நியூகாசிலுக்கு எதிராக 95ஆவது நிமிடத்தில் வெர்மாலன், பின்வரிசையில் இருந்து இந்த மனிசன் ஏன் ஓடி வந்தான் என்று நான் ஏசி முடிக்கவில்லை, பந்து வலைக்குள். அந்தப் பக்கம் அவர்கள் எங்களிடம், யுனைடெட்டிடம், எவர்ட்டனிடம் என்று வரிசையாக மூன்று தோல்வி. இங்கிலாந்து அணியின் வேலை அவர்களுடைய மனேஜர் ரெட்னப்புக்குத்தான் என்று பேப்பர்காரர் எழுதி எழுதி அந்த மனிதரின் கவனத்தைக் கலைத்துவிட்டார்கள் என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை.

ஆனால் போன சனிக்கிழமையைச் சொல்ல வேண்டும். டொட்டன்ஹாமுக்குப் போல்டனோடு எஃப்.ஏ. கப் ஆட்டம். எனக்கு டியூட்டி. ஆட்டம் முடிய இன்னும் நேரம் கிடக்க, சனம் வரத் தொடங்கியது. பாட்டில்லை, கூச்சலில்லை. முப்பதாயிரம் பேர் பார்த்த ஆட்டத்தில் இருந்து வருகிற கூட்டம், காலடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. செத்தவீட்டில் இருந்து வருகிற மாதிரி. இத்தனை வருடத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. அந்தத் தாடிக் கிழவர் எஸ்கலேட்டருக்குக் கீழே சுவரோடு சாய்ந்து நின்றார். என்ன நடந்தது என்று கேட்டேன். போல்டனுக்கு ஆடுகிற முவாம்பா மைதானத்திலேயே விழுந்துவிட்டான், இதயம் நின்றுவிட்டது, கூட்டத்தில் இருந்த டாக்டர் ஒருவர் இறங்கி ஓடினார் என்றார். பிறகு, "உங்கட பெடியன்தானே, முந்தி" என்று என் தோளில் கையை வைத்தார்.

ஓம், எங்கட பெடியன்தான். எங்கள் அகடமியில் வளர்ந்தவன். கொங்கோவில் இருந்து பதினொரு வயதில் இங்கே வந்து, வால்தம்ஸ்டோவில், அதே விக்டோரியா லைனின் கடைசி ஸ்டேசனில் வளர்ந்த பிள்ளை. அன்று இரவு அம்மா அவனுக்காக விளக்கு வைத்தா. இப்போது கண் திறந்து கதைக்கிறானாம். அந்தச் செய்தி வராமல் இருந்திருந்தால் நேற்று நான் எவர்ட்டன் ஆட்டத்துக்கு லிவர்பூலுக்குப் போயிருப்பேனோ தெரியாது.

சரி, நேற்றுக்கு வருகிறேன். என்னோடு வேலை செய்கிற கானாக்காரனும் நானும் ரசிகர்களின் பஸ்ஸில் போனோம். புதன்கிழமை இரவு ஆட்டம் என்றால் ரெயினை நம்ப முடியாது. அம்மா கட்டித் தந்த மட்டன் ரோல்ஸ் பதினாறு, பர்மிங்ஹாம் தாண்ட முதலே முடிந்துவிட்டது, பின்சீட்டுக்காரன் ஒருவன் மட்டும் நாலு தின்றான்.

எவர்ட்டனின் குடிசன் பார்க் 1892இல் திறந்த மைதானம், அதற்குப் பிறகு எங்களுக்குத் தருகிற பக்கத்தை யாரும் திருத்தவில்லை என்று நினைக்கிறேன். மரக்கதிரை. எனக்கு முன்னால் ஒரு இரும்புத் தூண், சரியாக ஒரு கோல் கம்பத்தை மறைத்துக்கொண்டு. எட்டாவது நிமிடம் கோனர் கிடைத்தது. வான் பெர்சி அடித்த பந்து தூணுக்கு இந்தப் பக்கத்தால் போவதைக் கண்டேன். அந்தப் பக்கத்தால் வெர்மாலனின் தலை எழும்புவதைக் காணவில்லை. முன்வரிசை துள்ளியதைப் பார்த்துத்தான் கோல் என்று விளங்கியது. கானாக்காரன் என்னைத் தூக்கிவிட்டான், முழங்கால் கதிரையில் அடிபட்டு இப்போது வீங்கிக் கிடக்கிறது. அம்மாவுக்குச் சொல்லாதே.

எட்டில் கோல் அடித்தால் மிச்சம் எண்பத்திரண்டு நிமிடமும் நரகம். எவர்ட்டனின் ட்ரென்ரே அடித்த கோல் ஒன்றை ஓஃப்சைட் என்று கொடியைத் தூக்கினார்கள், அது ஓஃப்சைட் இல்லை, உண்மையை ஏன் மறைப்பான். எழுபத்தைந்து போல எல்லாருடைய போனும் ஒன்றாகக் கிர்ரென்றது. ஸ்டோக் கோல்! மைதானத்தில் ஒன்றும் நடக்கவில்லை, பந்து எவர்ட்டன் கீப்பரின் கையில், நாங்கள் மட்டும் குதிக்கிறோம், பக்கத்து எவர்ட்டன் சனம் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்தது. கடைசிப் பத்து நிமிடம் என்னால் பார்க்க முடியவில்லை. ஆர்ச்வே முருகனுக்குத் தேங்காய் நேர்ந்துவிட்டுத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றேன். (நாளைக்கு வெள்ளி, போய் உடைக்க வேண்டும்.)

அங்கே டொட்டன்ஹாமின் வான் டெர் வார்ட் இன்ஜுரி நேரத்தில் ஒன்று போட்டுச் சமன் ஆக்கிவிட்டார் என்றபோது பஸ்ஸில் கொஞ்சப் பேர் சலித்தார்கள். எனக்கு அதுதான் வடிவாகப் பட்டது. ஒரு புள்ளி. ஒரே ஒரு புள்ளியால் மேலே நிற்பதில் இருக்கிற சுகம் பத்துப் புள்ளியில் வராது.

இன்னும் ஒன்பது ஆட்டம் இருக்கிறது என்று மருமகன் சொல்வார். சொல்லட்டும். 1995க்குப் பிறகு ஒரு வருடமாவது எங்களுக்கு மேலே முடித்தார்களா என்று கேள். உடனே 1919ஐத் தூக்குவார், இரண்டாம் டிவிசனில் ஐந்தாவதாக வந்த எங்களை 18க்கு 8 என்று வாக்குப் போட்டு மேலே ஏற்றி, அவர்களைக் கீழே தள்ளிய கதை. அதுவும் எடுபடாவிட்டால் 1913, தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே இருந்து வந்து டொட்டன்ஹாம்காரரின் இடத்தைப் பிடித்த ஆர்சனல், வந்தான் வரத்தான் என்பார். டொட்டன்ஹாமுக்குப் பக்கத்து எட்மன்டனில் பிறந்த பிள்ளை, சொல்லலாம். நான் 1986இல் ஒரு பையோடு வந்து ஃபின்ஸ்பரி பார்க்கில் அறை எடுத்தபோது, அந்த வட்டாரத்திலேயே எனக்கு முன்னால் வந்த வந்தான் வரத்தான் ஆர்சனல்தான் என்று ஒருவன் சொன்னான். பிறகு நான் வேறு யாரைப் பிடிப்பது?

பஸ்ஸில் எல்லாரும் பாடிக் களைத்துத் தூங்கிய பிறகு எனக்கு அந்தக் கிழவரின் ஞாபகம்தான். அவரும் ஸ்டோக் ஆட்டத்துக்குப் போய்விட்டு, என் பிளாட்பாரத்தில் நான் இல்லாததைப் பார்த்திருப்பார்.

டொட்டன்ஹாமுக்குச் சொந்த மைதானத்தில் அடுத்த லீக் ஆட்டம் ஏப்ரல் 1, ஞாயிற்றுக்கிழமை, சுவான்சியோடு. எனக்கு அன்று ஓய்வு. வேலைக்குப் போனவுடன் முதல் காரியமாக அதை மாற்றிக்கொள்வேன். அன்றைக்கு மைக்கில் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அந்தக் கிழவர் கையைக் கொடுத்தால் கொடுப்பேன், முவாம்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை கதைப்பேன், அப்புறம் கதவு மூடும்போது ஒரு விரலைக் காட்டுவேன்.

சுட்டுவிரலைத்தான் சொல்கிறேன், பயப்படாதே.

அன்புடன்
அப்பா